எண்பத்து நான்கு டிகிரி

நவம்பர் 3, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். குடை சுமந்ததுதான் மிச்சம்.

இன்று ஸ்கேன் பதினொன்று. முதுகு ஐந்து, முட்டி மூன்று, தலை மூன்று. அந்த மூன்று தலையில் ஒன்று இவருடையது, என் வீட்டுக்காரருடையது.

எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களை நாமே மெஷினில் ஏற்றுவதில்லை. கை நடுங்கும், கண் பொய் சொல்லும் என்பார்கள். என்னோடு பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கும் இசக்கி சொன்னான்: "நீங்க வெளிய இரிங்கக்கா, சாரை நான் பாத்துக்கிடுதேன்."

நான் விடவில்லை. போன வருஷம் இவர் தலையை ஸ்கேன் எடுத்ததும் நான்தான். (அப்போதும் இசக்கி சொன்னான். அப்போதும் கேட்கவில்லை.) ஒரு வருஷத்தில் மூளை எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரிய இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். அதே மெஷின், அதே தலை வைப்பு, அதே சாய்வில் வெட்டு (தலைப் படத்தை ரொட்டித் துண்டுபோல் சீவிப் பார்ப்பதைத்தான் வெட்டு என்போம்). கொஞ்சம் சாய்ந்தாலும் போச்சு. மூளை சுருங்கியதா, தலை சாய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் போன வருஷம் போட்ட வெட்டுக்கோடுகளை அப்படியே எடுத்து இந்த வருஷத் தலைமேல் வைத்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை.

உள்ளே படுத்துக்கொண்டு இவர்: "ஏட்டி ரூபி, எவ்ளோ நேரம் ஆகும்?"

இருபத்தைந்து நிமிஷம் என்றேன். தலைக்கூட்டை மாட்டும்போது மறுபடி கேட்டார். சொன்னேன். மூன்றாவது தடவை இசக்கி முந்திக்கொண்டு பதில் சொன்னான், நான் சொல்ல வேண்டாம் என்று.

வயது ஐம்பத்தேழு. பி.டி. வாத்தியார். பாளையங்கோட்டையில் தெருவுக்கு நாலு பேர் "செல்லத்துரை சார்" என்று நின்று கும்பிடுவார்கள். ஜூனிலிருந்து மெடிக்கல் லீவு. பிள்ளைகள் பெயர் வரவில்லை. நடையும் கெட்டுவிட்டது. தரையில் எண்ணெய் கொட்டிக்கிடப்பதுபோல் சின்னச் சின்ன அடி.

வாங்க வேண்டியது: மிளகாய்ப்பொடி, இவருக்கு வழுக்காத செருப்பு, கரண்டு பில்.

நவம்பர் 4, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அளந்தேன். எங்களிடம் கோடு போட்டு அளப்பது நாங்கள். மதுரையில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவரிடம் பத்து சென்டர் படம் வந்து குவிகிறது. என் கோட்டை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. சந்தேகப்படும்படி நான் வைத்ததும் இல்லை.

ஹிப்போகேம்பஸ் (ஞாபகத்தைச் சேர்க்கிற இடம், சுண்டுவிரல் அளவுதான்):
இடது: போ.வ. 2.9, இ.வ. 2.6
வலது: போ.வ. 3.0, இ.வ. 2.8

மூளை நடுவில் தண்ணீர் நிற்கும் அறைகள்: இரண்டு பக்கமும் பெரிதாகியிருக்கின்றன. அளக்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது.

அறை பெரிதாவதற்கு இரண்டு காரணம். ஒன்று, மூளை சுருங்கிச் சுருங்கி விட்ட இடத்தில் தண்ணீர் போய் நிரம்புவது. அதற்கு மருந்து கிடையாது. இன்னொன்று, தண்ணீர் வடியாமல் தேங்கி அறையைத் தள்ளுவது. அதற்கு ஆபரேஷன் உண்டு. டியூப் வைத்து வடித்துவிட்டால் மனுஷன் எழுந்து நடப்பான். எது என்று பார்க்க அந்த அறைகளின் கூரைக் கோணத்தை அளப்போம். நூறுக்கு மேல் விரிந்திருந்தால் சுருக்கம். தொண்ணூறுக்குக் கீழே குறுகியிருந்தால் தண்ணீர்.

மற்ற வீடுகளில் மூளையில் தண்ணீர் என்றால் மாரில் அடித்துக்கொள்வார்கள். நான் தண்ணீராக இருக்க வேண்டும் கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டே கோடு போட்டேன்.

84.

மறுபடி போட்டேன். 84. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று படித்திருக்கிறேன், ஐம்பத்திரண்டு வயதில்தான் வந்தது.

மாலை நாலு மணிக்கு மதுரை டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நவம்பர் 6, வியாழன்

மழை. வண்ணார்பேட்டையில் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு போனார்.

நரம்பு டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "கோணம் குறுகலாத்தான் இருக்கு. சாரோட நடையும் அதுக்குத் தக்கன இருக்கு. ஹிப்போகேம்பஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அத மறந்துரக் கூடாது. ஆனா தண்ணியா இருக்க வாய்ப்பு இருக்கும்மா. முதுகுல ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாப்போம். நடை தேறிச்சுன்னா ஆபரேஷன் வச்சிரலாம்."

இவர்: "டியூப் வச்சா பிள்ளையள் பேரெல்லாம் திரும்ப வருமா டாக்டர்?"

"கொஞ்சம் வரலாம் சார்."

கொஞ்சம் போதும். நான் நிறையக் கேட்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் ஷீபாவுக்கு போன். "அம்மா, அப்ப அப்பாவுக்கு அந்த மறதி நோய் இல்லயாம்மா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே ஆஸ்பத்திரி. தண்ணீர் எடுக்கும் முன் வராந்தாவில் பத்து மீட்டர் டேப் ஒட்டி நடக்கச் சொன்னார்கள். நான் எண்ணினேன், நர்ஸும் எண்ணினாள். 29 அடி. அடி குறையக் குறைய நடை தேறுகிறது என்று கணக்கு.

முதுகில் ஊசி. இவர் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. படுக்கையில் இருக்கும்போது டாக்டர் வந்து, "நடை மட்டும் நல்லா வந்திருச்சுன்னா வார இருபத்தஞ்சாந் தேதியே வச்சிரலாம், மதுரையிலேருந்து சர்ஜன் அன்னைக்கு இங்கன வாராரு" என்றார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து நடை. மார்பை நிமிர்த்திக்கொண்டு, கையை வீசிக்கொண்டு. நர்ஸ் சிரித்தாள்: "சார் குடியரசு தினத்துக்குப் போறாவ."

22.

ஏழு அடி குறைச்சல். டாக்டரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆப. நவ. 25, செவ்வாய். ஸ்தோத்திரம்.

நவம்பர் 13, வியாழன்

விடாமல் மழை. கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் நின்றபோது பார்த்தேன், ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது.

ஆஸ்பத்திரிக்கு: வேட்டி 3, பழைய துண்டு 4, பிளாஸ்க், ஆதார் ஜெராக்ஸ், இரண்டு வருஷப் படமும், பைபிள், இவர் கண்ணாடி (எங்கே வைத்தார் என்று கேட்கக் கூடாது, தேட வேண்டும்).

சாயங்காலம் சபை ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். ஞாயிறு ஆராதனையிலும் பெயர் சொல்லி ஜெபிப்பாராம். தலையில் எப்படி டியூப் வைப்பார்கள் என்று இவரே ஐயருக்கு விளக்கினார், காதுக்கு மேலே ஓட்டை போட்டு, தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியாக வயிற்றுக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்று. ஒன்றுகூட மறக்காமல் சொன்னார். ஐயர் போன பிறகு, வந்தது யார் என்று கேட்டார்.

இருக்கட்டும். இன்னும் பன்னிரண்டு நாள்தானே.

நவம்பர் 17, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறதி, நடை தள்ளாட்டம். இசக்கிதான் எடுத்தான். அளக்கும்போது கூப்பிட்டான்.

"யக்கா, கூரைக் கோணத்துக்கு எந்தச் சாய்வுல வெட்டணும்? ஹிப்போவுக்கு வெட்டுனதுலேயே அளந்துரட்டா?"

"கூடாதுல. ஹிப்போவுக்கு வெட்டுறது அதோட நீளத்துக்குக் குறுக்க, சாஞ்ச வெட்டு. கோணத்துக்கு வேற. நடுக்கோட்டுக்குச் செங்குத்தா நிமித்தி வெட்டணும். சாஞ்சதுல அளந்தா கோணம் தப்பாக் காட்டும்."

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

போன வருஷம் இவருக்கு மறதி என்று மட்டும்தான் பார்த்தோம். ஹிப்போகேம்பஸ் அளக்கச் சாய்த்து வெட்டியிருந்தேன். இந்த வருஷம் ஒன்றும் மாறக் கூடாது என்று அந்தக் கோடுகளையே எடுத்து வைத்தேன். கோணத்தையும் அதிலேயே அளந்தேன். வேறு யாருக்காவது எடுத்திருந்தால் புதிதாகக் கோடு போட்டிருப்பேன். இவர் என்பதால் ஒரு மயிரிழைகூட நகர்த்தவில்லை.

இசக்கி டீ குடிக்கப் போன நேரத்தில் இவர் படத்தைத் திறந்தேன். தலை முழுவதையும் ஒரே கட்டியாக எடுத்து வைத்திருப்பதால் எந்தச் சாய்விலும் மறுபடி வெட்டலாம். நிமிர்த்தி வெட்டினேன்.

111.
110.
111.

கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துப் பார்த்தேன், எங்காவது குறையுமா என்று. இருபத்தேழு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக, வேண்டிய எண் வருகிறதா என்று கோட்டை நகர்த்தினேன். 108க்குக் கீழே இறங்கவில்லை.

தண்ணீர் இல்லை. சுருக்கம்.

மூடிவிட்டேன். அடுத்த ஆளுக்கு முட்டி எடுத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. புழுக்கம்.

யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட்டில் 84 என்று இருக்கிறது, கையெழுத்தோடு. நடை வேறு தேறியிருக்கிறது. டாக்டர் ஒத்துக்கொண்டுவிட்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன் நடக்கும். ஒருவேளை கொஞ்சம் தண்ணீரும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வருவதில்லையா? வந்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். டியூப் வைத்தால் அதுவாவது வடியும்.

இப்படியெல்லாம் பேசுவதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆசை வெட்கம் அறியாது.

டியூப் வைத்ததில் ரத்தக்கசிவு வந்த ஆட்களையும் நான்தான் மெஷினில் ஏற்றியிருக்கிறேன். அந்தப் படங்கள் எனக்கு மனப்பாடம். தேவையில்லாத ஓட்டையைப் புருஷன் தலையில் போடச் சொல்லப்போகிறவள் நான்.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு போன். வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவராம். "யம்மா, இங்கன ஒரு சார் ஒரு மணி நேரமா பஸ் ஸ்டாப்புல நிக்காவ. எந்த பஸ்ஸுன்னு கேட்டா சொல்லத் தெரியல. சட்டைப் பையில இந்த நம்பர் எழுதியிருந்துச்சு." அந்தத் துண்டுச் சீட்டை நான்தான் வைத்திருந்தேன். பதறிப்போய் ஓடினேன். கடைக்குள் ஸ்டூலில் உட்காரவைத்து மோர் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இவர், "வா, ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன்" என்றார், நான் வருவதாகச் சொல்லியிருந்ததுபோல.

ஆட்டோவில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தண்ணீராக இருக்கக் கூடாதா. ஒரே ஒரு தலை. கர்த்தருக்கு என்ன குறைந்துவிடும்.

நவம்பர் 19, புதன்

ஷீபா ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். 23ஆம் தேதி காலை நெல்லையில் இறங்குகிறாள். பத்து நாள் லீவாம். "அப்பாவ நடக்கவச்சுக் கூட்டிட்டுத்தான் திருச்செந்தூர் கடலுக்குப் போவோம், கால நனைச்சிட்டு வருவோம்மா" என்கிறாள். சரி என்றேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்தது நான், உடைந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இல்லை. இசக்கிக்கும் தெரிந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் யார் எந்தப் படத்தைக் கடைசியாகத் திறந்தது என்று நிற்குமே, போட்ட கோடும் எண்ணும் நிற்கும், நான் அழிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான்.

"யக்கா, நான் பாத்தேன். நூத்திப் பதினொண்ணு."

நான் என் டப்பாவைத் திறந்தேன், மறுபடி மூடினேன்.

"நீங்க சொல்லலன்னா நானும் சொல்ல மாட்டேன். உங்க வீட்டு விசயம். ஆனா அந்த மில்லுத் தாத்தாவுக்கு நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரிதான வெட்டுனேன். அவருக்கு ஒரு கணக்கு, நம்ம சாருக்கு ஒரு கணக்கா?"

கோபம் வந்தது. அவன் மனைவி நன்றாக இருக்கிறாள், கணக்குப் பேசுவான். ஒரு மணி நேரம் அவனோடு பேசவில்லை. பிறகு நானே போய் டீ வாங்கி வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

இரண்டு பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் 84. ஒன்றில் 111. வேலைக்கு அரை நாள் லீவு.

டாக்டர் அறைக்கு வெளியே டோக்கன் 14. பன்னிரண்டாவது டோக்கன் உள்ளே போனபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றேன். திரும்பிப் போனேன். என் டோக்கன் தாண்டிவிட்டது. கடைசியில் கூப்பிட்டார்கள்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் இரண்டு பிரிண்டையும் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். திட்டுவார், வேலை போகும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத நீங்க சொல்லாட்டா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

"தெரியும் டாக்டர்."

"மதுரைக்குச் சொல்லி ரிப்போர்ட்ட மாத்தணும்."

"மாத்திருதேன்."

111 போட்ட பிரிண்டை மறுபடி உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கோணம் இப்படின்னா எனக்கும் சந்தேகம் வருது. ஆனா ஒண்ணும்மா. சார் நடந்தாங்க. நான் கண்ணால பாத்தேன். இருபத்தொம்பது, இருபத்திரண்டாச்சு. படத்த விட எனக்கு நடைதான் பெருசு. தண்ணி எடுத்ததும் நடை தேறிச்சுன்னா அதுல ஏதோ இருக்கு. இருபத்தஞ்சாந் தேதிய நான் இப்ப ரத்து பண்ணல. நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

படியிறங்கும்போது காலே தரையில் படவில்லை. உண்மையையும் சொல்லியாயிற்று, ஆபரேஷனும் இருக்கிறது. கோணம் போனால் போகட்டும். ஏழு அடி இருக்கிறது. அல்வாக் கடையில் கால் கிலோ வாங்கினேன். இதற்கெல்லாம் அல்வா வாங்குவார்களா என்று தெரியவில்லை, வாங்கினேன்.

சாயங்காலம் இவரிடம் எல்லாம் சொன்னேன். நான் செய்த தப்பு, கோணம், டாக்டர் சொன்னது. எவ்வளவு புரிந்ததோ. அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் கேட்டார்.

"நீயே போய்ச் சொன்னியா?"

"ஆமா."

"யாரும் கேக்காம?"

"கேக்காமத்தான்."

அல்வாவை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி. கா. 6.40

விடிந்ததும் வெளியே வந்தேன். மழை இல்லை, தரை ஈரம். இவர் எனக்கு முன்னே எழுந்து முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"ரூபி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நடந்தேன்லா. அது நடையில்ல."

"பின்ன?"

"நல்லா நடந்தா ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாவல்லா. நீ என் கையப் பிடிச்சிருந்த. உன் மொகத்தப் பாத்தேன். அதான் பல்லக் கடிச்சுக்கிட்டு எட்டிப் போட்டேன். முப்பது வருசம் பிள்ளையளுக்கு மார்ச்சிங் சொல்லிக் குடுத்தவனுக்கு அந்தத் தூரம் போட முடியாதா."

என் வாயில் வந்தது இதுதான்: "உங்களுக்குச் சரியா ஞாபகம் இல்ல. நீங்களாக் குழப்பிக்கிடுதீங்க."

சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்தில் இவரை இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சமயத்தில் மனதுக்குள் ஓடியதையும் எழுதிவிடுகிறேன்: மறதிக்காரர் பேச்சை யார் கேட்பார்கள், டாக்டரிடம் சொன்னால்கூட எடுபடாது, எனவே சொல்ல வேண்டியதில்லை. நான்தான் அப்படி நினைத்தேன். வேறு யாருமில்லை.

இவர் கோபப்படவில்லை. "ஞாபகம் இருக்கு ரூபி. இது இருக்கு" என்று எழுந்தார். "நீ போய் உண்மையச் சொல்லிட்டு வந்திருக்க. நான் மட்டும் எப்படிச் சும்மா இருக்கது. எண்ணு."

வாசற்படியிலிருந்து கேட்டைத் தாண்டி பக்கத்து வீட்டு வேம்பு வரை பத்து மீட்டர் இருக்கும். போனார். சின்னச் சின்ன அடி. நான் எண்ண மாட்டேன் என்றுதான் நின்றேன். வாய் தானாக எண்ணியது. 30.

திரும்பி நின்றார். மார்பை நிமிர்த்தினார். தாடை இறுகியது. கையை வீசிக்கொண்டு வந்தார். முதுகில் ஊசியும் இல்லை, தண்ணீரும் எடுக்கவில்லை. 22. படியில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், சட்டை நனைந்துவிட்டது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஷீபாட்ட நான் சொல்லுதேன். நீ சொல்லாத, நீ அழுவ."

இப்போது உள்ளே போய் ஆறின காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும், அவர் எட்டு மணிக்கு மேல்தான் போன் எடுப்பார். அதுவரைக்கும் இவருக்கு ஆபரேஷன் உண்டு.